நடுத்தடுப்பில் ஒரு வண்டி அகலம்

கொக்கி அக்கா கிரேனுக்கு முன்னால் சாலையில் படுத்துக்கொண்டாள் என்று டீக்கடையில் இப்போது சொல்கிறார்கள். படுக்கவில்லை. உட்கார்ந்தாள். அதுவும் சாலையில் இல்லை, தன்னுடைய கைவண்டியின் முன்கட்டையில். கல்லெறிந்தாள் என்று இன்னொரு கதை ஓடுகிறது. அன்றைக்கு அவள் ஒரு கையில் இருந்தது ஈரச் சாக்கு, மற்ற கையில் இருந்தது கொக்கி. இரண்டையும் அவள் எறிகிறவள் இல்லை. மந்திரி வந்து மிரண்டு போனார் என்பதும் தவறு. வந்தவர் சாலைத்துறையின் பெரிய அதிகாரி. அவர் மிரளவும் இல்லை. அவருக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

ஆள் நல்ல உடம்போடு தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே இத்தனை கற்பனை. ஐஸ் கம்பெனியின் வாசல் அறையில் கணக்கெழுத உட்கார்ந்திருந்தவன் நான். என் ஜன்னல் சாலையைப் பார்த்தது. அதில் தெரிந்ததை எழுதுகிறேன். தெரியாததை, சொன்னவர் யார் என்று சேர்த்து எழுதுகிறேன். அவள் என்னைவிட இளையவள், அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவில்லை.

முதலில் சாலை. பெரிய சாலையிலிருந்து பிரிந்து, எங்கள் ஊருக்குள் நுழைந்து, துறைமுக வாசலில் முட்டி நின்றுவிடும். மொத்தமே ஏழு கிலோமீட்டர். ஆனாலும் அதற்கு நெடுஞ்சாலை என்று பெயர், எண்ணும் உண்டு. எண்ணை எழுதி வைத்திருக்கும் பச்சைப் பலகை எங்கள் பஸ் நிலையத்தைவிடப் பெரியது. “தூங்கி முழிக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோற ரோட்டுக்கு இவ்வளவு பெரிய போர்டா” என்று வெளியூர் டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். சாலைக்குத் தெரு பக்கம் எங்கள் ஐஸ் கம்பெனி. அதற்கு நேர் எதிரே, கடல் பக்கம், மீன் இறங்குதளமும் ஏலக்கூடமும். நடுவில் சாலையின் அகலம் மட்டும்தான். அந்த அகலத்தைக் கடப்பதுதான் அவள் தொழில்.

ஐஸ் பார் என்பது ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத நீளப் பாளம். கொக்கியால் குத்தி இழுத்து, வண்டியில் ஏற்றி, சாக்கைப் போர்த்தி, சாலையைக் கடந்து, ஏலக்கூடத்துத் திண்டில் இறக்க வேண்டும். அங்கே அவளுடைய நாத்தனார் கட்டைச் சுத்தியலோடு நிற்பாள். உடைத்து, கூடை கூடையாக மீனுக்குப் போடுவது அவள் பங்கு.

வண்டி முதலில் மாமனாருடையது, பிறகு புருஷனுடையது. புருஷன் வேறொரு துறைமுகத்துக்குப் படகு வேலைக்குப் போனார். போன இடத்தில் வேறு குடும்பம் ஆகிவிட்டது. யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் “கரை மாறிட்டாரு” என்பாள். சேதி வந்த மறுநாள் காலை, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். வாட்ச்மேன் கொக்கி தர மாட்டேன் என்றார்.

“பொம்பளைக்கெல்லாம் கொக்கி தர்ற பழக்கம் இல்லம்மா.”

“பொம்பளைக்கு ஐஸ் தர்ற பழக்கம் இருக்குல்ல? அது போதும்.”

அன்று வெறும் கையால் இழுத்தாள். விரல்கள் வெளுத்து, மடக்க முடியாமல் போனதை நான் பார்த்தேன். அடுத்த நாள் அவள் கையில் சொந்தக் கொக்கி இருந்தது. உடைந்த நங்கூரத்தின் ஒரு கையைக் கொல்லுப்பட்டறையில் கொடுத்து அடித்து வாங்கியது. ஆண்கள் வைத்திருந்த கொக்கிகளைவிடக் கனம். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

நாத்தனாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புருஷனின் கூடப்பிறந்த தங்கை அண்ணன் பக்கம்தான் நிற்பாள் என்று ஊர் நினைத்தது. அவள் “அண்ணன் போனா போகட்டும், அண்ணி எங்கயும் போகலயே” என்று சொல்லிவிட்டு சுத்தியலைத் தூக்கிக்கொண்டாள். இருவரும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். ஒருத்தியைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் இருவரும் சேர்ந்து பாய்வார்கள்.

சாலையைக் கடப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. வண்டியை ஓரத்தில் நிறுத்துவாள். போர்த்திய சாக்குகளில் ஒன்றை, தண்ணீர் சொட்டச் சொட்ட, தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பாள். லாரி, பஸ், கார் எதுவானாலும் நிற்கும். புதிதாக வந்த டிரைவர் நிற்காவிட்டால், பின்னால் வருகிற பழைய டிரைவர் ஹாரன் அடித்தே அவனை நிறுத்திவிடுவான். எங்கள் ஊருக்கு சிக்னல் விளக்கு கிடையாது. அந்தச் சாக்குதான்.

அப்படி இருந்த சாலையில் நடுத்தடுப்பு வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. அதை மறைத்தால் நான் எழுதுவதும் டீக்கடைக் கதையாகிவிடும். எதிரும் புதிருமாக வந்த வண்டிகள் மோதி ஒரு மீன் வியாபாரியும் அவர் தம்பியும் இறந்தார்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் வேலை முடிந்து ஸ்கூட்டரில் போன ஒரு நர்ஸ். ஆகவே தடுப்பு வேண்டாம் என்று கொக்கி அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. வாசல் வேண்டும் என்றுதான் சொன்னாள். ஒரு வண்டி அகலத்துக்கு.

இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் துண்டுகள், கறுப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்தவை. ஒவ்வொன்றின் தலையிலும் தூக்குவதற்கு இரண்டு இரும்பு வளையங்கள். அவற்றை வரிசையாக இறக்க துறைக்குக் கிரேன் வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் இருந்த ஒரே கிரேன், படகு பழுதுபார்க்கும் பட்டறையுடையது. அதை ஓட்டுகிறவன் அவளுடைய மருமகன்; அன்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த மகள் அதற்குள் வளர்ந்து கல்யாணமாகியிருந்தாள்.

கம்பெனி வாசலுக்கு நேரே வரிசை வந்த அன்று அவள் வண்டியை நிறுத்திவிட்டுக் கிரேன் பக்கம் போனாள்.

“மாப்பிள்ளை, இந்த எடத்துல ஒண்ண விட்டுட்டு வைங்க.”

“அத்தை, நான் வெறும் ஓட்டுறவன். இன்ஜினியர் விரல் நீட்டுற எடத்துல எறக்குறேன். அவ்வளவுதான்.”

“அந்த விரல் என் தலையைக் காட்டினா?”

அவன் லீவரைப் பிடித்தபடி இன்ஜினியரைப் பார்த்தான். துண்டு இறங்கியது. அன்றிலிருந்து அவள் மகள் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மகள்தான் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

சாலைத்துறை அலுவலகத்துக்கு அவளோடு நானும் போனேன். கம்பெனிக்கும் பாதிப்பு உண்டு என்பதால் முதலாளி அனுப்பினார். இன்ஜினியர் இளைஞர், நல்ல மாதிரி. நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“ரெண்டு ரோடு சந்திக்கிற எடத்துல மட்டும்தாம்மா திறப்பு விடலாம். அது விதி.”

“நான் போறது ரோடு இல்லையா?”

“அது நீங்க போற வழிம்மா. ரோடு இல்ல.”

“வழியா இருந்ததைத்தானே சார் நீங்க ரோடாக்குனீங்க?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, துறைமுக வாசலில் வண்டிகள் திரும்ப இடம் விட்டிருப்பதாகவும், அங்கே போய்த் திரும்பி வரலாம் என்றும் சொன்னார். அவள் போய்ப் பார்த்தாள். காலையில் அங்கே மீன் லாரிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அந்த நெரிசலில் ஊர்ந்து, திரும்பி, ஏலக்கூடத்துக்கு வந்து சாக்கை விலக்கினால் பார்கள் மெலிந்திருந்தன. ஓரமெல்லாம் உருண்டு, சோப்புக்கட்டி மாதிரி.

“என்ன அண்ணி, பாதியை வழியில நீங்களே தின்னுட்டீங்களா?” என்றாள் நாத்தனார்.

“ஆமா, பசிச்சுது. மீதியை உடை.”

பேச்சு விளையாட்டாக இருந்தாலும் நிலைமை அப்படி இல்லை. வெளியூரிலிருந்து ஒரு மூடிய வேன், தூளாக்கிய ஐஸோடு வரத் தொடங்கியிருந்தது. துறைமுக வாசல் வழியாக நேரே உள்ளே போய்விடும். அதற்குச் சாலையைக் கடக்கும் வேலையே இல்லை. பெரிய படகுக்காரர் அவளைக் கூப்பிட்டு, “உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, தாயி. ஆனா மீனு யாருக்காகவும் காத்திருக்காது. முதல் ஏலத்துக்கு முன்னால ஐஸ் வரலன்னா நான் வேனுக்குச் சொல்லிடுவேன்” என்றார். எங்கள் முதலாளியும், கைவண்டிக்குப் பதில் தானே ஒரு வேன் வாங்குவதாகப் பேச ஆரம்பித்தார். டிரைவரைக்கூடப் பார்த்துவைத்துவிட்டார். அவள் வண்டியும், நாத்தனாரின் சுத்தியலும் அந்தச் சுவரில் வந்து நின்றுவிட்டன.

அவள் சுவர்மேலேயே வழி போட்டாள். படகில் ஏற இறங்க வைக்கும் நீளப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து தடுப்பின்மேல் சாய்த்தாள். இந்தப் பக்கம் அவள் கொக்கி போட்டு ஏற்றுவாள். உச்சிக்கு வந்ததும் பார் தானாக அந்தப் பக்கம் சறுக்கும். நாத்தனார் பிடிக்க வேண்டும்.

“மெதுவா விடுங்க அண்ணி! நான் என்ன சுவரா?”

“சுவரா இருந்தா தேவலையே. திருப்பிப் பேசாது.”

சில நாட்கள் ஓடியது. ஒரு காலை நாத்தனார் கை தவறவிட்ட பார் ஒன்று, தார்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு போய் முடிவெட்டும் கடை வாசலில் நின்றது. பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து பாரைப் பார்த்தார். “நான் ஷேவிங்குக்குக் கொஞ்சம் தண்ணிதானேம்மா கேட்டேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போலீஸ்காரர் மட்டும் சிரிக்காமல் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் செய்தது சரிதான். அவளே அதைப் பிறகு ஒப்புக்கொண்டாள்; ஆனால் பலகையைத் திருப்பிக் கேட்காமல் இருக்கவில்லை.

அதற்குப்பின் துறை அவளுக்காக ஏதோ செய்தது. நடைமேம்பாலம் கட்டியது. கம்பெனி வாசலில் ஏறி, ஏலக்கூடத்து வாசலில் இறங்கலாம். மேலே தகரக் கூரை, இரண்டு பக்கமும் செங்குத்தாகப் படிகள்.

“நீங்க கேட்டதுதாம்மா இது” என்றார் இன்ஜினியர். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

“நான் தரையிலதானே சார் கேட்டேன்?”

“ஜனங்க பத்திரமா கடக்கலாம் இல்லையா?”

“ஜனங்க கடப்பாங்க. ஐஸ் கடக்குமா?”

திறப்பு விழாவில் முதல் ஆளாக அவளே பாலத்தில் நடக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். போட்டோ எடுக்க வருவார்களாம். அவள் கொஞ்சம் யோசித்தாள். “வர்றேன். வண்டியோட வர்றேன்” என்றாள். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

மேடையைக் கடல் பக்கம் போட்டிருந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தவறு. பெரிய அதிகாரியின் கார் பெரிய சாலையிலிருந்து வந்தால் தெரு பக்கமாகத்தான் வரும். மேடைக்குப் போக அவரும் துறைமுக வாசலுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அங்கே லாரி நெரிசல். மீன் வாடை வேறு. காலையில் இதை யாரோ நினைத்துக்கொள்ள, கிரேனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மருமகன் வந்தான். எங்கள் வாசலுக்கு நேரே இருந்த ஒரு தடுப்புத் துண்டைச் சங்கிலி மாட்டித் தூக்கி, மேம்பாலப் படிக்குக் கீழே ஓரமாக வைத்தான். கார் வந்தது. அந்த இடைவெளியில் நுழைந்து மேடைக்குப் போனது.

கொக்கி அக்கா வண்டியில் பார்களை ஏற்றிச் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தாள். கார் கடந்துபோவதைப் பார்த்தாள். என் ஜன்னல் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா அண்ணே? ரெண்டு ரோடு சந்திச்சிருச்சு” என்றாள்.

சாக்கை உயர்த்தினாள். எத்தனை மாதம் கழித்து உயர்த்தினாலும் லாரிகள் நின்றன. ஒருவன் ஹாரன் அடித்து வரவேற்றான். இடைவெளி வழியாக வண்டி நேரே போனது. மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார். அவள் படிக்கட்டின் அடியில் வண்டியை நிறுத்தி, ஒரு பாரைக் கொக்கியால் இழுத்து, சிவப்புத் துணி விரித்திருந்த முதல் படியில் வைத்தாள். இன்ஜினியர் ஓடி வந்தார்.

“என்னம்மா இது?”

“முதல் ஆளா போகச் சொன்னீங்களே சார். இது ஏறட்டும். பின்னாலயே நானும் ஏறுறேன்.”

கூட்டம் சிரித்தது. போட்டோக்காரர் பாரைப் படம் பிடித்தார். மீதிப் பார்களை அவள் ஏலக்கூடத்தில் இறக்கினாள். அன்று முதல் ஏலத்துக்கு முன்பே ஐஸ் வந்துவிட்டது. வேன் இன்னும் துறைமுக வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பேச்சுகள் நீண்டன. பார் கரைந்து சிவப்புத் துணி தொப்பலாகி, கடைசியில் பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டிப் படியேறியபோது வேட்டியைத் தூக்குவதுபோல் பேண்டைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

காலி வண்டியோடு திரும்பி வந்தவள் இடைவெளியின் நடுவில் நின்றாள். வண்டியைக் குறுக்காகத் திருப்பினாள். முன்கட்டையில் உட்கார்ந்தாள்.

கார் கடல் பக்கமாகவே பெரிய சாலைக்குத் திரும்பப் புறப்படும்போது பெரிய அதிகாரி கண்ணாடியை இறக்கி, “யார் இவங்க?” என்று கேட்டார். “ஐஸ் கொண்டு போறவங்க, சார்” என்றார் இன்ஜினியர். “சாயங்காலத்துக்குள்ள மூடிடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“எழுந்திருங்கம்மா. காருக்காகத்தான் தற்காலிகமா எடுத்தோம்.”

“கார் போயிருச்சு. இப்ப வண்டிக்காக இருக்கட்டும்.”

“இது பிடிவாதம்.”

“ஆமா சார்.”

வேலை கெட்டால் தானாக எழுந்து போவாள் என்று அவர் கணக்குப் போட்டார். ஆனால் அடுத்த ஏலத்துக்கு ஐஸ் வேண்டிய நேரம் வந்ததும் நாத்தனார் ஒரு மீன் பெட்டியோடு வந்தாள். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இடைவெளியில் உட்கார்ந்தாள். வண்டி எங்கள் வாசலுக்கு வந்து, பார்களை ஏற்றி, அவளைச் சுற்றிக்கொண்டு கடந்தது. பிறகு கொக்கி அக்கா உட்கார, நாத்தனார் உடைக்கப் போனாள். வேலையும் நிற்கவில்லை, இடமும் காலியாகவில்லை. மதியம் மகள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். கொடுத்துவிட்டுப் போவாள் என்று பார்த்தேன். அவளும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஐஸ் உடைத்து முடித்த நாத்தனாரும் தன் பெட்டிக்குத் திரும்பினாள்.

கிரேன் தயாராக நின்றது. துண்டு சங்கிலியில் தொங்கியது. மருமகன் அதை ஆடாமல் பிடித்துக்கொண்டு எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஜினியரின் பொறுமை தீர்ந்தது.

“மெதுவா கொண்டு வாப்பா. பக்கத்துல வந்தா எழுந்திருவாங்க.”

கிரேன் நகரவில்லை.

“உனக்குத்தான் சொல்றேன்.”

மருமகன் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். “சார், அங்க உக்காந்திருக்கறது என் மாமியார். பக்கத்துல என் பொண்டாட்டி. அந்தப் பெட்டிமேல மாமியாரோட நாத்தனார். மூணு பேர் தலையிலயும் கல்ல எறக்கிட்டு, ராத்திரிக்கு நான் எந்த வீட்டுல சார் சோறு கேக்கறது?”

சாலையின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் இன்ஜினியருக்கும் உதடு பிரிந்துவிட்டது. உடனே இறுக்கிக்கொண்டார்.

“அப்ப வேற கிரேன் கொண்டுவருவேன்.”

“கொண்டுவாங்க சார். ஓட்டுறவனுக்கு மாமியார் இல்லாததா பாருங்க.”

அவன் துண்டைப் பழையபடி படிக்குக் கீழே இறக்கினான். சங்கிலியைக் கழற்றினான். பட்டறையில் ஒரு படகு காத்திருந்தது, கிரேனைத் திருப்பினான். போகிற போக்கில் மிச்சமிருந்த சங்கிலி ஒன்றை மாமியாரின் வண்டியில் போட்டான். “இருட்டுனதும் குறுக்கக் கட்டிடுங்க அத்தை. வேகமா வர்றவன் இதுல புகுந்துறக் கூடாது.”

“சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?” என்றாள் அவள்.

“இன்னும் இல்ல.”

“தூக்குல மீதி இருக்கு. நின்னுட்டே சாப்பிட்டுப் போங்க.”

அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். அதை நான் பார்த்தேன். அவள் மறுபடி மகள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தது பற்றி நாத்தனார் சொல்லித்தான் தெரியும்.

வேறு கிரேன் வரவில்லை. துறை சும்மாவும் இருக்கவில்லை. ஏலம் இல்லாத ஒரு விடுமுறை நாளில் வந்து, இடைவெளியில் இரண்டு இரும்புத் தூண்களை நட்டு, சிமென்ட் ஊற்றி, மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். மனிதர்கள் நடக்கலாம். கைவண்டி நுழையாது. அளந்து நட்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் அச்சின் முனைகள் தூண்களில் முட்டி நின்றன. அவள் தூணைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், வண்டியைப் பின்னால் இழுத்தாள். லாரி டிரைவர் ஒருவன், “என்னக்கா, தூணை அறுத்துருவோமா?” என்று கத்தினான்.

“அது அவங்க இரும்புடா. அது நிக்கட்டும். இது என் இரும்பு” என்று வண்டியின் அச்சைத் தட்டினாள்.

பார்களைக் கம்பெனிக்குள் திருப்பி இறக்கி, வண்டியை எங்கள் வாசலில் விட்டுவிட்டு கொல்லுப்பட்டறைக்கு ஆள் அனுப்பினாள். கொல்லர் வந்து பார்த்தார். அன்று மாலைக்குள் அச்சை இரண்டு முனையிலும் அறுத்து, சக்கரங்களை வண்டியின் வயிற்றுக்குக் கீழே தள்ளிப் பூட்டிக் கொடுத்தார். முன்பு வண்டி அகலக் கால் வைத்து நிற்கும். இப்போது காலைச் சேர்த்து நிற்கிறது. கொஞ்சம் ஆடும். பாரை நடுவில் வைத்து ஏற்றக் கற்றுக்கொண்டாள்.

இன்ஜினியர் ஒருநாள் ஜீப்பை ஓரம்கட்டிவிட்டு அவள் கடப்பதைப் பார்த்தார். சாக்கு உயர்ந்தது. லாரிகள் நின்றன. வண்டி தூண்களுக்கு நடுவே நுழைந்தது. இரண்டு பக்கமும் விரல்கூட நுழையாத இடம்.

“தூணை இன்னும் நெருக்கி நடலாம்மா” என்றார்.

“நடுங்க சார். வண்டியை ஒடுக்கிக்கறேன். அதுக்கும் மேல நெருக்கினா தலையில வச்சுக் கொண்டு போறேன்.”

அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

படிக்குக் கீழே கிடந்த தடுப்புத் துண்டின்மேல்தான் நாத்தனார் இப்போது ஐஸ் உடைக்கிறாள். ஏலக்கூடத்துத் திண்டைவிட இது உறுதியாம். மேம்பாலத்தில் மழைக்கு ஆடுகள் ஒதுங்குகின்றன. வேன் வாரத்தில் சில நாட்கள் வருகிறது. பெரிய படகுக்காரர் இவளிடம்தான் வாங்குகிறார். முதலாளி பார்த்துவைத்த டிரைவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது.

தூண்கள் இரண்டிலும், அச்சு உரசும் உயரத்தில், மஞ்சள் போய் இரும்பு பளபளக்கிறது. துறை ஆட்களை அனுப்பி அதன்மேல் பெயின்ட் அடிக்கிறது. அவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு போனதும் அவள் சாக்கை உயர்த்துகிறாள்.